தாளில் அடங்காத தாவரங்கள்

தாவரவியலார் ஒரு செடியைப் பதிவுசெய்யும் முறை மிக எளிமையானது. செடி பறிக்கப்படும், இரு தாள்களுக்கிடையே பரப்பப்படும், பாரம் ஏற்றி உலர்த்தப்படும், பின்னர் அட்டையில் ஒட்டப்பட்டு, பெயரும் இடமும் திகதியும் எழுதப்படும். பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலியிலே தோன்றிய இம்முறை இன்றும் உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது. ஆயினும், தட்டையாவதற்கு இசையும் செடிக்கே இது பொருந்தும் என்பது மனங்கொள்ளத்தக்கது. இசையாத செடிகளும் உள. அவற்றைத் தேடிக் கீழைக்கரையார் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை.

கல்முனைக்குத் தெற்கே காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுநிற்கும் கரைக்குரிய தாவரங்களை எடுத்துக்கொள்வோம். தாழையின் இலை ஆளுயரத்துக்கு நீள்வது, விளிம்பெல்லாம் முள். இலைகள் மூன்று வரிசைகளாகத் திருகித் தண்டினைச் சுற்றிச் செல்வன. தண்டிலிருந்து மிண்டிவேர்கள் சாய்ந்து மணலில் ஊன்றுவன. காயோ பல பகுதிகள் இறுகி ஒன்றான பாரமான உருண்டை. அதனைத் தாளில் வைத்து அழுத்தினால் தாளே கிழியும். மணல்மேட்டிற் படரும் இராவணன் மீசையின் பெண்பூந்துணர் முள்ளுருண்டையாக முதிர்ந்து, கழன்று, காற்றில் உருண்டோடுவது. களப்போரத்துக் கண்ணா சேற்றினின்று விரல்விரலாக மூச்சுவேர்களை நிமிர்த்துவது. அதன் இலையில் உப்பு பூத்திருக்கும். கண்டலின் வித்து மரத்திலிருக்கும்போதே முளைத்து, நீண்ட கோலாகத் தொங்குவது. அமெரிக்காவிலிருந்து வந்து இங்கு வேரூன்றிய நாகதாளியை உலர்த்த முற்படுவோர், அழுகலையும் முட்களையும் ஒருங்கே பெறுவர். இவையாவும் உலர்தாளில் உருவத்தை இழப்பன. ஆகவே இவற்றுக்கு ஓவியர் தேவைப்பட்டனர். தாவர ஓவியத்தின் வரலாறு அழகுணர்ச்சியின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. உலர்த்தும் முறையின் தோல்வியும் அவ்வரலாற்றிற் பாதிக்கேனும் காரணமாகும்.

ஒல்லாந்தக் கொம்பனியின் வைத்தியராக 1672ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் திரட்டிய தொகுப்பே இதற்குச் சான்று. இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள அத்தொகுப்பு ஐந்து தொகுதிகளைக் கொண்டது. நான்கில் உலர்ந்த செடிகள். எஞ்சிய ஒன்றில் ஓவியங்களே மிகுதி. லினேயஸ் 1747ஆம் ஆண்டில் 'ஃபுளோரா செய்லானிகா' என்னும் நூலை எழுதியபோது, இலங்கையைக் கண்ணாற் காணாத அவருக்கு இலங்கையாக இருந்தது இவ்வைந்து தொகுதிகளே.

அதே காலத்தில், கொச்சியில் ஒல்லாந்த ஆளுநராயிருந்த வான் றீடே 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை அம்ஸ்ரடாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்நூலின் செப்புத்தகட்டுப் படங்களிற் செடியின் பெயர் மலையாளம், அறபு முதலிய எழுத்துக்களிலும் பொறிக்கப்பட்டது. அதன் இரண்டாந் தொகுதியிலே தாழைக்குப் பல தகடுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே அதன் பெயர் 'கைத'. தமிழிலக்கியம் கைதை எனக் குறித்த அதே சொல். அடம்பன் கொடி பதினோராந் தொகுதியிற் 'சுவன்ன அடம்பு' என்று இடம்பெற்றுள்ளது. கண்டல் என்னும் சொல்லோ இலத்தீனுக்குள் நுழைந்து, 'கண்டேலியா' என ஒரு பேரினத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. கரையோரத்தார் வழங்கிய பெயர்களை அறிவியலுலகு இவ்வாறு ஏற்றுக்கொண்டது. ஆனால் வரைந்தவர்களின் பெயர்களை அதே அக்கறையுடன் ஏற்றதெனக் கூறவியலாது.

இதற்கு ஒரு புறநடை உண்டு. அது தாழையைப் பற்றியதாகவே அமைந்தமை வியப்பானது. கப்டன் குக்கின் முதற் கடற்பயணத்தில் ஓவியராகச் சென்ற சிட்னி பாக்கின்சன் 1771ஆம் ஆண்டில் நடுக்கடலில் இறந்தார். அவருடைய நாட்குறிப்பு 1773ஆம் ஆண்டில் அச்சேறியது. தாழைப் பேரினத்தின் 'பண்டானுஸ்' என்னும் பெயர் முறைப்படி முதலில் வெளியானது அந்நூலிலேயாதலால், இன்றும் தாவரவியல் ஏடுகளில் அப்பெயருக்கு ஆசிரியராகக் குறிக்கப்படுபவர் அவ்வோவியரே.

கீழைத்தேய ஓவியர்க்கு இப்பேறு எளிதிற் கிட்டவில்லை. பேராதனைப் பூங்கா 1821ஆம் ஆண்டில் நிறுவப்பட்டபின், அதன் பொறுப்பாளரான அலெக்சாண்டர் மூன், ஹார்மானிஸ் த அல்விஸ் என்னும் சிங்கள இளைஞரை ஓவியராக நியமித்தார். அல்விஸ் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அப்பணியிலிருந்தார். அவருக்குப்பின் அவருடைய மைந்தர் தொடர்ந்தனர். பொறுப்பாளர்கள் மாறினர், சிலர் சில ஆண்டுகளிலேயே மாண்டனர். தொடர்ச்சி அல்விஸ் குடும்பத்தின் கையிலேயே இருந்தது. ட்றைமனின் 'இலங்கைத் தாவரக் கைந்நூல்' 1893 முதல் 1900 வரை நூறு வண்ணப்படங்களுடன் வெளிவந்தபோது, அதற்குரிய ஓவியச் செல்வம் அக்குடும்பம் இரு தலைமுறையாக ஈட்டியதாகும். நூலின் பெருமை ட்றைமனைச் சேர்ந்தது. அவர் 1896இல் மறைந்தபின் அதனை முடித்த ஹூக்கரையும் சேர்ந்தது. அல்விஸின் பெயரோ ஓர் ஓர்க்கிட்டிலே தங்கியது. 'தீனியோபில்லம் அல்விசி' எனப்படும் அச்செடிக்கு இலையே இல்லை. மரப்பட்டையில் ஒட்டிய நாடாப் போன்ற பச்சை வேர்களே அதன் உடல்; இலையின் வேலையையும் அவையே செய்வன. விசித்திர உருவங்களை வாழ்நாளெல்லாம் வரைந்த ஒருவருக்கு இதனினும் பொருத்தமான நினைவுச்சின்னம் வாய்த்திராது.

சென்னை மாகாணத்தில் இக்கதை சற்றே வேறு வடிவிற் காணப்படுகின்றது. றொபேட் வைற் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட 'ஐக்கோனஸ்' என்னும் தொகுப்பில் 2101 படங்கள் உள்ளன. முதலில் ரங்கையாவும் பின்னர் கோவிந்துவும் அவருக்கு ஓவியராயிருந்தனர். செப்புத்தகட்டிற் கூரிய கோடு வரும். மென்மயிரும் சொரசொரப்பும் குறுக்குக்கோடுகளாக மட்டுமே வரும். கல்லச்சில் எண்ணெய்க்கோலாற் கல்லின்மேல் நேரே வரையலாம், மலிவும் மிகுதி. வைற் கல்லச்சையே நாடினார். கோவிந்துவைச் சிறப்பிக்க ஓர் ஓர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூவியா' என்று பெயரும் இட்டார். ஆனால் அது முன்னரே பெயரிடப்பட்ட வேறொரு பேரினத்துள் அடங்குமெனப் பின்வந்தோர் முடிவுசெய்ததால், அப்பெயர் வழக்கொழிந்தது. ஹென்றி நோல்ட்டி 2007ஆம் ஆண்டில் மூன்று நூல்களில் இவ்விருவரின் ஓவியங்களையும் முன்னிறுத்தும்வரை, படங்கள் வைற்றின் படங்கள் என்றே வழங்கின.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கணினி இத்துறைக்குள் நுழைந்தது. அதன் நுழைவு ஓவியர் வழியாக நிகழவில்லை. கணித வழியாக நிகழ்ந்தது. அரிஸ்ரிட் லிண்டன்மேயர் என்னும் உயிரியலாளர் 1968ஆம் ஆண்டில், பாசியிழையொன்றின் வளர்ச்சியை எழுத்துக்களின் மாற்றீடாக விளக்கினார். ஓர் எழுத்து ஒரு கலத்தைக் குறிக்கும். ஒவ்வொரு படியிலும் ஒவ்வோர் எழுத்தும் விதிப்படி வேறெழுத்துக்களாக மாறும். மாற்றங்கள் யாவும் ஒரே வேளையில் நிகழும். இவ்வெழுத்துத்தொடரை 'முன்னே செல், வலம் திரும்பு, கிளைவிடு' என்னும் ஏவல்களாகக் கணினி வாசித்தால், திரையிற் செடி முளைக்கும். 1990ஆம் ஆண்டில் புருசின்கீவிச்சும் லிண்டன்மேயரும் வெளியிட்ட நூல் இத்தகைய செடிகளின் காட்சிச்சாலையாகும். அது வெளிவருமுன்னரே லிண்டன்மேயர் மறைந்துவிட்டார்.

இவ்விடத்திலே தமிழர் பங்கொன்று அதிகம் பேசப்படாது கிடக்கின்றது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ற் சிரோன்மணி, ராணி சிரோன்மணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் 1974ஆம் ஆண்டில், வாசலிற் பெண்கள் இடும் புள்ளிக்கோலங்களைக் கணித இலக்கணமாக வகுத்துக் கட்டுரையொன்று வெளியிட்டனர். சிறு கோலம் விதிப்படி பெருங்கோலமாவதும், சிறு முளை விதிப்படி கிளைமரமாவதும் ஒரே வகைக் கணக்கென்பது விரைவிற் புலனாயிற்று. 1988இல் மறைந்த கிஃப்ற் சிரோன்மணியின் நினைவாக அடுத்த ஆண்டில் வெளிவந்த தொகுப்பிற் புருசின்கீவிச்சும் கமலா கிருதிவாசனும் இன்னொருவரும் சேர்ந்து, லிண்டன்மேயர் முறையாற் கோலங்களை ஆக்கும் வழியைக் காட்டினர். ஆயினும் அந்த இலக்கணத்துக்கு மூலமான கோலங்களை இட்டு வந்த பெண்கள் பெயரற்றவர்களே. செப்புத்தகட்டுக் காலத்திற்கும் கணினிக் காலத்திற்கும் இவ்வகையில் வேறுபாடு அதிகமில்லை.

விதியாற் பெறப்படுவது அமைப்பு. தாழையிலையின் திருகல் விதிக்குள் அடங்கும். ஆனால் அதன் மிண்டிவேரில் மணல் உராய்ந்த தழும்பு அவ்வளவு எளிதில் அடங்காது. மேற்பரப்பின் தன்மையைக் காட்டக் கண்ணும் கையும் மீண்டும் வேண்டியிருந்தன. இக்கால ஓவியர், அழுத்தத்தை உணரும் பேனாவினால் திரைப்பலகைமேல் வரைகின்றனர். கோடு ஓர் அடுக்கிலும், நிழல் வேறோர் அடுக்கிலும், முள்ளும் மயிரும் பிறிதோர் அடுக்கிலும் அமைவதால், ஒன்றைத் திருத்த மற்றது கெடுவதில்லை. இதில் ஓர் இடரும் உண்டு. ஒருமுறை வரைந்த முள்ளை நூறு தடவை படியெடுத்து ஒட்டலாம். இயற்கையில் எந்த இரு முட்களும் ஒத்திருப்பதில்லை. செடியை விட்டுப் படத்தைப் பார்த்துப் படம் வரைந்த பண்டை ஏட்டுப் படியாளர்களுக்கு நேர்ந்த பிழையும் இதுவே.

இதன் விளைவு ஓவியக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரைகளிற் கண்டல் நடும் முயற்சிகள் பல மேற்கொள்ளப்பட்டன. அவற்றை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 23 இடங்களுள் 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை என அறிவித்தது. இடத்துக்கு ஒவ்வாத இனங்களை நட்டமை காரணங்களுள் ஒன்று. கோல்போன்ற வித்துக்களை எளிதிற் சேகரித்து ஊன்றலாம் என்பதாற் கண்டலினங்களே பெரிதும் நாடப்பட்டன. ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்டபின் அதன் வடபுறக் கரை அரிக்கப்பட்டு வருவதால், இராவணன் மீசையும் அடம்பனும் படரும் மணலே அங்கு குறைந்து செல்கின்றது. எந்த இடத்தில் எச்செடி நின்றது என்பதை அறியாது மீளநடுகை பற்றிப் பேசுவதிற் பயனில்லை.

நடுவோர் கையிற் கொண்டுசெல்லத்தக்க படம் பெரிய கலைப்படைப்பாக இருக்கவேண்டியதில்லை. கண்டலின் இரு இனங்களை அவற்றின் வித்துக்களைக் கொண்டே பிரித்தறியலாம். ஒன்றன் வித்து முழத்தையும் விஞ்சி நீளக்கூடியது. மேற்பரப்பெங்கும் பருக்கள் நிறைந்தது. மற்றையதன் வித்து குட்டையானது, ஒப்பீட்டளவில் வழுவழுப்பானது. கண்ணாவின் காய் இவ்விரண்டையும் ஒவ்வாது, அவரைவிதைபோலத் தட்டையாக, மென்மயிர் போர்த்துக் கிடக்கும். இம்மூன்றையும் அளவு மாறாது அருகருகே வைத்து, பருவையும் மயிரையும் கண்டவாறே வரைந்து, கீழே கண்டல், கண்ணா என்று ஊரார் வழங்கும் பெயர்களையும் வரைந்தவர் பெயரையும் எழுதிய தாளொன்று, சேற்றில் இறங்குவோர்க்குப் போதுமானது.