வீட்டுக்கு எத்தனை நிறம்?
(காவியும் சுண்ணாம்பும்: ஒரு கடைக்காரனின் குறிப்புகள்)

ஜெய்ப்பூரில் பெயிண்ட் கடை வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்தவன். படிப்பு பழைய எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி, மற்றதெல்லாம் கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் படித்தது. மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "வீடு முழுக்க என்ன கலர் அடிக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்று நம்மவர்கள் கடைக்கு வந்து கேட்கும் கேள்வியையே எடுத்துக்கொண்டேன். அது சின்னக் கேள்வி இல்லை. அதன் பின்னால் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

முதலில் நாம் வாழும் ஊரையே பார்ப்போம். இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1727இல் அமைத்த நகரம் இது. 1876இல் இங்கிலாந்து இளவரசர் வருகைக்காக மன்னர் இரண்டாம் ராம்சிங் ஊர் முழுவதற்கும் ஒரே நிறம் பூசச் செய்தார். அதனால் 'இளஞ்சிவப்பு நகரம்' என்ற பெயர் நிலைத்தது. ஆனால் பழைய கொத்தனார்கள் அதை 'கேரு' என்றுதான் சொல்வார்கள். கேரு என்பது வேறொன்றும் இல்லை, நம் ஊர்க் காவிக்கல்தான். இரும்புச் சத்துள்ள செம்மண். கடைவீதி முகப்புகளைக் கவனியுங்கள்: சுவரெல்லாம் கேரு, அதன்மேல் கோடும் பூவேலையும் சுண்ணாம்பு வெள்ளை. இரண்டே நிறத்தில் ஒரு நகரம்!

இதே இரண்டு நிறமும் நமக்குப் புதியவை அல்ல. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலில், எங்கள் சமண முன்னோர் விட்டுச் சென்ற அறிவர் கோயிலை 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அங்குள்ள ஓவியங்களின் வர்ணங்களைச் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்தார். சுண்ணாம்பு வெள்ளை, கரிக் கறுப்பு, செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண் என்று பெரும்பாலும் மண்ணும் கல்லும் தந்தவையே. அந்தத் தாமரைக் குளத்தின் நிறம் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், சுவரோடு ஒத்துப்போகும் பொருளைத் தேர்ந்ததும் ஒரு காரணம்.

எங்கள் ஊர் வீட்டிலும் அதே கணக்குதான். சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை. திண்ணைக்கும் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கும் காவிப் பட்டை. கதவு, தூணுக்கு எண்ணெய். இது அழகுக்கு மட்டும் செய்ததில்லை. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். மழைத்தண்ணீர் தெறித்துச் சேறு படியும் இடத்தில் காவி இருந்தால் அழுக்குத் தெரியாது. செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுவரைப் பளபளப்பாக்குவார்கள். எங்கள் வீட்டில் முட்டை ஆகாது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும்தான். "சுவர்ல பூசுறது எதுல செஞ்சதுன்னு கேட்டுப் பூசணும்" என்பார் தாத்தா.

அந்தக் கேள்வியை நான் ஒருமுறை மறந்தேன். 1998இல், பெயிண்ட் கடைக்காரன் வீடு இப்படியா வெள்ளையாக இருப்பது என்று, ஊர் வீட்டுக்கு அறைக்கு ஒரு நிறமாக ஆறு நிறத்தில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்க வைத்தேன். தெருவே வந்து பார்த்தது. இரண்டு மழைக்காலம் போனது. சுவரெல்லாம் உப்புப் பூத்து, கொப்பளித்து, பூச்சோடு பெயர்ந்து விழுந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி மறுபடி வெளியே விடும். பிளாஸ்டிக் படலம் அந்த வழியை அடைத்துவிட்டது. "சுவரும் மூச்சு விடணும்டா" என்றார் அம்மா. சுரண்டி எடுத்து மறுபடி சுண்ணாம்பு பூச, பெயிண்ட் செலவைப்போல இரண்டு மடங்கு ஆயிற்று.

அதைவிட மனசை உறுத்துவது வேறொன்று. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் ஈயம் கலந்த வர்ணப்பொடி சேர்ப்பது வழக்கமாக இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஜன்னல் கம்பிக்கும் தொட்டிலுக்கும் அவற்றை டப்பா டப்பாவாக நானும் விற்றிருக்கிறேன். எறும்பை மிதிக்காமல் நடக்கச் சொல்லும் மதத்தில் பிறந்தவன், டப்பாவுக்குள் என்ன என்று கேட்கவில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய வீட்டில் எனாமலைச் சுரண்டும்போது காய்ந்த தேய்ப்பு வேண்டாம். தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். தூசி அடங்கும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்மில் பலர் இருப்பது சிமெண்ட் பிளாட். அதற்கு இன்றைய எமல்ஷன் பொருந்தும், சுண்ணாம்புதான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முன்னோர் கணக்கை வைத்துக்கொள்ளலாம். வீடு முழுக்க மூன்று நிறம் போதும்: கூரைக்கும் பெரும்பாலான சுவர்களுக்கும் வெள்ளை அல்லது அதை ஒட்டிய நிறம், கை படும், கண் படும் ஓரிரு இடத்துக்கு ஒரு மண் நிறம், கதவு ஜன்னலுக்கு ஒன்று. இங்குள்ள வெயிலுக்கு, மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் அடர்ந்த நிறம் வேண்டாம். அட்டையில் இரண்டு விரல் அளவு நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவரில் இரண்டடிக்கு அடித்து, காலையிலும் சாயங்காலமும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் படித்த பிறகு காசு கொடுங்கள்.

தீபாவளிக்கு இந்த ஊரில் வெள்ளையடிப்பார்கள். பொங்கலுக்கு நம் ஊரில். இரண்டுக்கும் முன்னால் ஒருநாள் கடைக்கு வாருங்கள். டீ சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம். வாங்காமல் போனாலும் குறையில்லை.