வடக்கு மெட்ராஸ் – 27: மூன்று நிமிடம்

பெங்களூரில் நடந்த கால்பந்து ஃபைனலைச் சொல்கிறேன் என்று போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். 2018 மார்ச் 17, கண்டீரவா ஸ்டேடியம், சுனில் சேத்ரியின் பெங்களூருவுக்கு எதிராகச் சென்னையின் எஃப்.சி. அதற்கான குறிப்புகளை வியாசர்பாடி டீக்கடையில் உட்கார்ந்து எழுதியதுதான் வினை. "இன்னா சார், ஃபைனல் ஃபைனல்னு எழுதிக்கினு கீற? செமில நம்ம புள்ள ஒண்ணு போட்டானே, அத்த எழுது" என்றார் பக்கத்தில் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்த பெரியவர்.

நம்ம புள்ள என்றால் தனபால் கணேஷ். நடுக்கள ஆட்டக்காரர், வியாசர்பாடிக்காரர். வடசென்னை என்றால் சார்பட்டா, குத்துச்சண்டை என்று எழுதித் தள்ளினோமே (இந்தத் தொடரிலேயே நான்கு வாரம் ஓட்டினேன்), அந்த ஜோரில் பந்து கண்ணில் படாமல் போய்விட்டது.

டீயைக் குடித்துவிட்டு முல்லை நகர் மைதானத்துக்குப் போனேன். மேடும் பள்ளமுமான தரை. பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. பையன்கள் வந்த பந்தை உடனே உள்ளங்காலால் அமுக்கி, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தள்ளுகிறார்கள். புல்தரையில் பழகியவனுக்கு இந்த ஜாக்கிரதை லேசில் வராது. கணேஷின் ஆட்டத்தை டிவியில் பார்த்தவர்களுக்கு அந்த அமுக்கல் ஞாபகம் இருக்கும்.

அந்த சீசனில் லீக் முடிந்தபோது பெங்களூருவுக்கு 40 புள்ளி, நமக்கு 32. அத்தோடு கோப்பையைக் கொடுத்துவிட்டால் கதையே இல்லை. லீக் முடிந்த பிறகும் பெரிய மேட்ச் வைப்பது அமெரிக்கர்களுக்குப் பழைய பித்து. அவர்களுடைய கல்லூரி ஃபுட்பால் நம்முடையது அல்ல, கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. 1902 புத்தாண்டன்று பாசடேனாவில் மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. எட்டு நிமிடம் பாக்கி இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு போதும்டா சாமி என்று விலகிக்கொண்டது. நொந்துபோன ஏற்பாட்டாளர்கள் ஃபுட்பாலை விட்டுவிட்டு ரதப்போட்டிக்குப் போனார்கள். 1916-இல்தான் பந்து திரும்ப வந்தது. இன்று 'ரோஸ் பவுல்' என்று கொண்டாடுகிறார்களே, அதன் லட்சணம் இது.

நம் செமிக்கு வருவோம். எதிரே கோவா. அந்த வருஷம் 18 கோல் அடித்த கோரோ அங்கேதான் இருந்தார். கோவாவில் நடந்த முதல் ஆட்டம் 1-1. மார்ச் 13, நேரு ஸ்டேடியம். பேசின் பிரிட்ஜைத் தாண்டினால் வந்துவிடும் தூரம். வியாசர்பாடிக்கு அது வீட்டு வாசல் மாதிரி. 26-ஆவது நிமிடம் நம் அணியின் ஜேஜே கோல் அடித்தார். கூட்டம் கத்தி முடிப்பதற்குள், 29-ஆவது நிமிடம், கணேஷ். அந்த மூன்று நிமிடத்தில் கோவா நொறுங்கியது. கடைசியில் ஜேஜே இன்னொன்று போட்டு 3-0 ஆக்கினார். கோரோவுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கோல் போட்டதைவிட, நடுவில் நின்று கோரோவுக்குப் பந்து போகவிடாமல் அடைத்ததுதான் கணேஷின் பெரிய வேலை என்பேன். பெரியவரிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்.

ஃபைனலா? ஒன்பதாவது நிமிடமே சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி அடித்துவிட்டார். கண்டீரவா அதிர்ந்தது. பிறகு 17-ஆவது நிமிடம் நமக்கு ஒரு கார்னர். நெல்சன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்கிறார், பிரேசில்காரர் மைல்சன் ஆல்வெஸ் உள்ளே ஓடி வருகிறார்... ஆசிரியர் ஒதுக்கிய பக்கம் முடிந்துவிட்டது.

(தொடரும்)