தானே திறந்து தானே மூடும் நீர்வழி

2022 செப்டம்பர் 21, நள்ளிரவு கடந்த வேளை. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளுள் நடுவிலிருந்த மதகு, எதிரெடையைத் தாங்கிய சங்கிலி அறுந்ததால் பெயர்ந்து வீழ்ந்தது. விநாடிக்கு ஏறத்தாழ 20,000 கனஅடி நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. ஆற்றங்கரை மக்கள் எச்சரிக்கை கேட்டே விழித்தனர்.

கதவு என்றிருந்தால் சங்கிலி வேண்டும், விசை வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். இவை எவையும் இன்றி, நீர் தன் அளவறிந்து தானே வெளியேறாதா? இக்கேள்வி மிகப் பழையது. அதற்கான விடை ஒரு விளையாட்டுப் பாத்திரத்தில் ஒளிந்திருக்கிறது.

இந்தியாவில் அதன் பெயர் வசுதேவர் கிண்ணம். குழந்தைக் கண்ணனைச் சுமந்து நிற்கும் வசுதேவர் உருவம் அதன் நடுவில் இருக்கும். ஊற்றும் நீர் குழந்தையின் பாதத்தைத் தொட்டதும், யமுனை வழிவிட்ட கதையை நினைவூட்டி, முழுவதும் அடிவழியே வடிந்துவிடும். உருவத்தினுள் கவிழ்த்த 'ப' வடிவில் ஒரு வடிகுழாய் மறைந்துள்ளது. நீர்மட்டம் அதன் வளைவைக் கடந்ததும், கீழிறங்கும் நீர்த்தம்பம் எஞ்சிய நீரையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. குழாயின் வாய் வெளிப்பட்டுக் காற்று புகும்வரை ஓட்டம் நிற்பதில்லை. கிரேக்கர் இதே கிண்ணத்தைப் பிதாகரசின் பெயரால் வழங்கினர். அலெக்சாந்திரியாவின் ஈரோன் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே வடிகுழாய்க் கருவிகளை விரித்து எழுதினார்.

இப்பொம்மையை அணையளவுக்கு வளர்த்தவர் மைசூர் அரசின் பொறியாளர் வி. கணேஷ் அய்யர். அவர் வகுத்தது சுருள் வடிகுழாய். செங்குத்தான புனலின் மேல் ஒரு குவிமாடம். புனலின் விளிம்பில் வளைந்த தகடுகள். விளிம்பைத் தாண்டும் நீர் தகடுகளால் சுழன்று, சுழலின் நடுவே மாடத்துக் காற்றை வாரிச் செல்லும். காற்று நீங்கியதும் குழாய் நிறைந்து முழு வேகத்தில் பாயும். மார்க்கோனஹள்ளி அணையில் இம்முறை அமைந்தது. சராவதி ஆற்றின் குறுக்கே 1948இல் முடிந்த ஹிரேபாஸ்கர அணையில் இத்தகைய 11 வடிகுழாய்கள் இருந்தன. 1964இல் எழுந்த லிங்கனமக்கி நீர்த்தேக்கம் அவ்வணையை மூழ்கடித்தது. கோடையில் நீர் வற்றும்போது அதன் வட்ட வாய்கள் இன்றும் வெளித்தோன்றுவதுண்டு.

சங்கிலியே அற்ற இம்முறை எங்கும் பரவாததற்குக் காரணம் அதன் இயல்பிலேயே உள்ளது. வடிகுழாய்க்குச் சிறிது சிறிதாகத் திறக்கத் தெரியாது. தொடங்கினால் முழு ஓட்டம். நின்றால் முழு நிறுத்தம். இடுக்கி அணைக்கு மதகில்லை. அதன் நீர் செறுதோணி அணையின் ஐந்து மதகுகள் வழியே வெளியேற வேண்டும். 2018 ஆகஸ்ட் 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பின், அவற்றுள் ஒன்றை முதலில் 50 சென்டிமீட்டர் மட்டுமே உயர்த்தினர். கீழ்க்கரையில் வாழ்வோருக்கு விலகிச் செல்ல அந்த நிதானமே அவகாசம் தந்தது.

ஆற்றில் குறையாகிய இத்திடீர்ப் பாய்ச்சல் பவளப்பாறைக்கு வரமாகிறது. பவளம் இடம்பெயராத உயிரி. இரையும் உயிர்வளியும் அலையேறித்தான் அதனிடம் வர வேண்டும். கழிவை அகற்றுவதும் அலையே. ஒரே திசையில் ஓயாது தள்ளும் மின்விசைக் குழாய் அலையின் ஏற்ற இறக்கத்தைத் தருவதில்லை. ஹவாயின் வைக்கீக்கி மீன்காட்சியகத்தில் பணியாற்றிய புரூஸ் கார்ல்சன் இதற்கு வடிகுழாயைக் கையாண்டார். அவர் பெயரால் வழங்கும் அலைக்கருவியை வீட்டிலேயே செய்யலாம்.

தொட்டிக்கு மேலே ஒரு பீப்பாய். அதனை இடைவிடாது நிரப்ப ஒரு சிறு பம்பு. உள்ளே கவிழ்த்த பிவிசி வளைகுழாய். குழாயின் மறுமுனை தொட்டி நீருள் அமிழ்ந்திருக்கும். பீப்பாய் நிறைந்ததும் அலை இறங்கும். வடிந்ததும் மீண்டும் நிறையத் தொடங்கும். பம்பின் வரத்து மிகக் குறைந்தால் நீர் வளைவின் மேல் கசிந்து ஓடுமேயன்றி, வடிகுழாய் உயிர்பெறாது. வளைகுழாய் அடைபட்டாலும் நீர் தரையில் வழியாதிருக்க, பீப்பாயின் மேல்விளிம்பிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் இரண்டாம் குழாய் இன்றியமையாதது. 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உடைய தொட்டியில் 40 லிட்டர் இறங்கினால் மட்டம் 7 சென்டிமீட்டருக்கு மேல் உயரும். அவ்வளவு வெற்றிடம் முன்னரே விடப்பட வேண்டும். இந்தியாவில் கடினப் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து அவற்றைப் பெயர்த்தெடுப்பது குற்றம்.

ஆக, ஒரு நீர்க்கருவியை மதிப்பிடுமுன் கேட்க வேண்டியது, அதன் கீழே யார் இருக்கிறார்கள் என்பதே. பவளம் முன்னறிவிப்பின்றி வரும் அலைக்குப் பழகிய உயிர். சாலக்குடிக் கரையில் உறங்குபவருக்கோ முன்னறிவிப்பே உயிர்.