பாக்கு நீரிணையும் ஒரு பிந்திய திருத்தமும்

சென்ற மாதம் சுவிட்சர்லாந்திலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். என் தமக்கையின் மகன். உரும்பிராயில் பிறந்து, பத்து வயதில் பெற்றோருடன் புலம்பெயர்ந்தவன். இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டான். பகலில் அலுவலகம், மாலையில் பிள்ளைகளின் படிப்பு, அதிகாலையில் ஓட்டம் என்று வாழ்பவன். மலைப்பாங்கான பாதையில் நடந்த ட்ரையத்லன் போட்டியொன்றில் கலந்துகொண்டானாம். ஏரியில் 1.5 கிலோமீற்றர் நீச்சல், கரையேறியதும் 40 கிலோமீற்றர் சைக்கிள், இறங்கியதும் 10 கிலோமீற்றர் ஓட்டம். இடையில் ஓய்வு கிடையாது.

"தண்ணியில பயமில்லை மாமா. மலைதான் ஆளை விழுத்திப் போட்டுது. இறங்கி உருட்டுவமோ எண்டு ரெண்டு தரம் யோசிச்சன். கடைசி ஆக்களோடதான் வந்தனான். எண்டாலும் முடிச்சிட்டன்" என்றான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்: "எங்கட ஆக்கள் ஆரும் முந்தி இப்பிடிச் செய்திருக்கினமோ?"

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனிடம் கேட்ட கேள்வி. அதற்கு விடை சொல்வதற்கு முன்னர், நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. கீரிமலை என்று ஊர்ப்பெயரில் ஒரு மலை உண்டு, அவ்வளவே. சுண்ணக்கல்லின் மேல் விரித்த செம்மண் பாய்போலக் கிடப்பது உரும்பிராய். நீரிறைக்கும் இயந்திரங்கள் வருவதற்கு முன்னர், தோட்டக் கிணறுகளில் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதித்தவர்களே எங்கள் ஊரில் ஏற்றம் கண்டவர்கள்.

ஆனால் சைக்கிளோட்டிகளுக்கு வேறொரு மலை இருந்தது. உரும்பிராயிலிருந்து கோப்பாய், நீர்வேலி கடந்து வடமராட்சிக்குப் போகிறவர்கள் வல்லைவெளியைத் தாண்ட வேண்டும். மரமோ வீடோ இல்லாத வெட்டவெளி. சோளகக் காலத்தில் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். இளமையில் நான் எத்தனையோ முறை அங்கே இறங்கிச் சைக்கிளை உருட்டியிருக்கிறேன். மலையில் ஏறியவனுக்கு மறுபுறம் இறக்கம் என்றொரு கூலி உண்டு. எதிர்காற்றில் மிதித்தவனுக்கு வீடு வந்து சேர்ந்ததே கூலி.

அந்த வெளிக்கு அப்பால், கடலோரமாக இருக்கும் வல்வெட்டித்துறையில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் வி. எஸ். குமார் ஆனந்தன். பின்னாளில் 'ஆழிக்குமரன்' ஆனந்தன் என்று ஊர் அவரைக் கொண்டாடியது. தொழிலால் அவர் ஒரு சட்டத்தரணி. சம்பளத்திற்காக விளையாடியவர் அல்லர்.

1971ஆம் ஆண்டு அவர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். அங்கே நின்றுவிடாமல் மீண்டும் தலைமன்னாருக்கு நீந்தினார். போக வர 51 மணித்தியாலங்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் உறக்கமின்றி, மாறிமாறி இழுக்கும் நீரோட்டத்தில். வரைபடத்தில் அந்தத் தூரம் சிறிது. ஆனால் ஓட்டம் பக்கவாட்டில் இழுக்கும்போது, நீந்துகிறவன் வரைபடத்தின் நேர்கோட்டில் போவதில்லை.

இந்த ஆண்டைக் கவனியுங்கள். நவீன ட்ரையத்லன் அமெரிக்காவின் சான் டியாகோவில் தொடங்கியது 1974 செப்டம்பரில். நீச்சல்காரனா, சைக்கிளோட்டியா, ஓட்டக்காரனா வலியவன் என்ற விவாதத்தைத் தீர்க்க ஹவாயில் முதலாவது 'அயன்மேன்' போட்டி நடந்தது 1978 பெப்ரவரியில். அன்று புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். ஒலிம்பிக்கில் இப்போட்டி இடம்பெற்றதோ 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான்.

ஹவாய்ப் போட்டி நடந்து 15 மாதங்களுக்குப் பின்னர், 1979 மே மாதம், கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிச்சுற்றி ஆனந்தன் 187 மணித்தியாலம் 28 நிமிடங்கள் இடைவிடாமல் சைக்கிள் ஓட்டினார். ஏறத்தாழ எட்டு நாட்கள். 1980இல் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். 1981இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணித்தியாலம் நிலைநீச்சல் செய்தார். இவை கின்னஸ் சாதனைகள். மூன்றையும் ஒரே நாளில் அடுக்கிச் செய்யும் போட்டி அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் மருமகன் தேடிய முன்னோரில் ஒருவர் அவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி என் தவறு.

எழுபதுகளின் இறுதியில், நான் உதவி ஆசிரியராக இருந்தபோது, நீச்சல் வீரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் பாக்கு நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் மிகிர் சென் என்று எழுதிவிட்டேன். ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர் அவர். 1966இல் பாக்கு நீரிணையையும் கடந்தார். ஆங்கிலத்தில் கிடைத்த குறிப்புகள் அவரைத்தான் பேசின. நானும் அதையே பெயர்த்து வைத்தேன்.

ஒரு வாரத்தில் ஒரு தபாலட்டை வந்தது. "தொண்டைமானாறு நவரத்தினசாமியை மறந்துபோனீரோ?" என்று ஒரே வரி.

முருகுப்பிள்ளை நவரத்தினசாமி, மிகிர் சென்னுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1954ஆம் ஆண்டிலேயே வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திச் சேர்ந்தவர். என் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய ஊரவர். அவரை விட்டுவிட்டு, கடலுக்கு அப்பாலிருந்து ஒரு முதல்வரைத் தேடி வைத்திருந்தேன். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் பழைய ஏடுகளைப் பார்த்துத் திருத்தம் போடுவோம் என்று தபாலட்டையை மேசையில் செருகி வைத்தேன். வேலைகள் வந்தன, நாட்கள் போயின. 1981ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி விடிந்தபோது நூலகம் எரிந்துபோயிருந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பார்க்க நினைத்த ஏடுகளும் இல்லை, திருத்தமும் வெளிவரவில்லை.

மூன்று ஆண்டுகளின் பின், 1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது ஆனந்தன் உயிரிழந்தார். வயது 41. இலங்கையில் தமிழர்கள் வேட்டையாடப்பட்ட 1983 ஜூலை கழிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஊரெங்கும் மரணச் செய்திகள் குவிந்த காலம். அவற்றிடையே இதுவும் ஒரு செய்தியாக வந்து போயிற்று.

டோவரிலிருந்து பிரெஞ்சுக் கரைக்கு நேர்கோட்டில் 33 கிலோமீற்றர் அளவுதான். போக வரப் பாக்கு நீரிணையை நீந்தியவருக்கு அது பெருந்தூரம் அன்று. ஆனால் நம் கடலில் நீரின் வெப்பம் 28 பாகை அளவில் இருக்கும். கால்வாயிலோ ஆகஸ்டிலும் 17, 18 பாகைதான். கால்வாய் நீச்சலின் விதிப்படி குளிர்காக்கும் உடையும் அணியக் கூடாது. அவரது மரணத்தின் காரணத்தைத் தீர்ப்பிட நான் மருத்துவன் அல்லன். எனினும் இவ்வளவு விளங்குகிறது: சோதனை தூரத்தில் இல்லை, பழகாத இடத்தில் இருக்கிறது. வெந்நீர்க் கடலில் வளர்ந்தவருக்குக் குளிர்தான் மலை. சமதரையில் பிறந்த என் மருமகனுக்கு மலையே மலை.

இன்று வல்வெட்டித்துறையில் ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. மனதுக்கு ஆறுதல். ஆயினும் புலம்பெயர்ந்த இளையோர் பலருக்கு இவ்விருவர் பெயரும் தெரியாது. அதில் என் மேசையில் செருகிக் கிடந்த அந்தத் தபாலட்டைக்கும் ஒரு பங்கு உண்டு. எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. உயிரோடிருந்தால் இதைப் படிக்கட்டும்: பாக்கு நீரிணையை முதலில் கடந்தவர் தொண்டைமானாறு நவரத்தினசாமி, 1954. தவறுக்கு வருந்துகிறேன்.

மருமகனிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. "நீ எத்தனை மணிக்கு முடிச்சாய், தண்ணி எவ்வளவு குளிர், மலை எவ்வளவு உயரம், எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதி வை" என்றேன்.

"கடைசியா வந்ததையுமோ மாமா?"

"அதையுந்தான். திகதியைப் போட்டு எழுது."