பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிகழ்வும்

மனிதர்களைப் பங்கேற்பாளர்களாகக் கொண்ட ஆய்வு ஒன்று தொடங்குவதற்கு முன்பே அதன் திட்டத்தைப் படித்துப் பார்த்து, அனுமதி தரவோ, திருத்தச் சொல்லவோ, மறுக்கவோ அதிகாரம் பெற்ற குழு நெறிமுறைக் குழு எனப்படுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கு நிறுவன மறுஆய்வுக் குழு என்று பெயர். மருந்துச் சோதனை மட்டுமல்லாமல் உளவியல், மானிடவியல், கல்வியியல் ஆய்வுகளும் இதன் பார்வைக்கு வருகின்றன. இக்குழு எப்படித் தோன்றியது, எங்கே தவறியது என்பதை அறிய, பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2001-ஆம் ஆண்டு நடந்தவை நல்ல சான்று.

தோற்றம்

நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கில் 1947-இல் வழங்கப்பட்ட தீர்ப்பில் பத்து விதிகள் இடம்பெற்றன. அவையே நியூரம்பர்க் நெறிகள். பங்கேற்பவரின் தன்னிச்சையான ஒப்புதல் இல்லாமல் ஆய்வு கூடாது என்பது முதல் விதி. ஆனால், ஒப்புதல் முறையாகப் பெறப்பட்டதா என்று பார்க்கும் பொறுப்பை அந்நெறிகள் ஆய்வாளரிடமே விட்டுவிட்டன. தேர்வெழுதும் மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவது போன்ற ஏற்பாடு அது. வெளியார் ஒருவர் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெறப் பல ஆண்டுகள் ஆயின.

1966 பிப்ரவரியில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஒரு கட்டளை பிறப்பித்தது. தன்னிடம் நிதி பெறும் நிறுவனங்கள், மனிதர் மீதான ஆய்வுகளை ஆய்வாளரின் சக அறிஞர்கள் கொண்ட குழுவிடம் முன்னதாகக் காட்ட வேண்டும் என்றது. இதில் ஒரு முரண் உண்டு. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ பகுதியில் 1932 முதல் இதே துறை ஓர் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. சிபிலிஸ் எனும் மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களும், நோயற்ற 201 பேரும் அதில் இருந்தனர். உண்மையான நோய் எதுவென்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1940-களின் இறுதியில் பென்சிலின் பரவலாகக் கிடைத்த பிறகும் அது அவர்களுக்குத் தரப்படவில்லை. பிறருக்கு விதி வகுத்த துறை தன் வீட்டுக்குள் பார்க்கவில்லை. 1972 ஜூலையில் நாளிதழ்களில் செய்தி வந்த பின்னரே ஆய்வு நின்றது.

அந்த அதிர்ச்சியின் விளைவாக 1974-இல் தேசிய ஆய்வுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி அமைந்த ஆணையம் 1979-இல் பெல்மான்ட் அறிக்கையை வெளியிட்டது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி ஆகிய மூன்றையும் அது அடிப்படைகளாக வைத்தது. மூன்றாவதான நீதியில் டஸ்கிகீயின் நிழல் தெரிகிறது. ஆய்வின் சுமை ஏழைகள் மீதும், பயன் வசதி படைத்தோர்க்கும் போய்ச் சேரக் கூடாது என்பதே அதன் பொருள்.

குழு செயல்படும் முறை

அமெரிக்க விதிப்படி குழுவில் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் இருக்க வேண்டும். ஒருவராவது அறிவியல் துறை சாராதவராகவும், ஒருவராவது அந்நிறுவனத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவராகவும் இருத்தல் வேண்டும். தன் சொந்த ஆய்வு விவாதத்துக்கு வரும்போது உறுப்பினர் வாக்களிக்க முடியாது. ஆபத்து இயன்றவரை குறைக்கப்பட்டுள்ளதா, எஞ்சிய ஆபத்துக்கு ஈடான பயன் உண்டா, பங்கேற்பாளர் தேர்வு நியாயமானதா, ஒப்புதல் படிவம் எளிய மொழியில் உள்ளதா என்பவற்றைக் குழு பார்க்கிறது. அனுமதித்த ஆய்வை இடையில் நிறுத்தும் அதிகாரமும் அதற்கு உண்டு.

ஆனால், குழு காண்பது பெரும்பாலும் ஆய்வாளர் எழுதித் தந்த காகிதங்களைத்தான். 1971-இல் உளவியல் பேராசிரியர் பிலிப் சிம்பார்டோ நடத்திய சிறைச்சாலைச் சோதனைக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு அனுமதி அளித்திருந்தது. காவலராக நடித்த மாணவர்கள் கைதிகளாக நடித்தவர்களைக் கொடுமைப்படுத்தத் தொடங்கியதால், இரண்டு வாரத் திட்டம் ஆறு நாளில் முடிந்தது. அங்கே நடக்கப்போவது விண்ணப்பத்தில் எப்படி இருந்திருக்க முடியும்?

2001: ஒரு தன்னார்வலரின் மரணம்

நலமுள்ளவரின் மூச்சுக்குழல் ஆஸ்துமா தாக்காமல் தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறது என்பதை அறிய ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஓர் ஆய்வு நடந்தது. அதற்காக ஹெக்சாமெத்தோனியம் என்ற பொருளைத் தன்னார்வலர்கள் மூச்சின் வழியே உள்ளிழுக்க வேண்டும். அது முற்காலத்தில் உயர் இரத்த அழுத்தத்துக்குத் தரப்பட்ட மருந்து. அமெரிக்காவில் 1970-களிலேயே புழக்கத்திலிருந்து நீங்கிவிட்டது. உள்ளிழுத்துப் பயன்படுத்த அதற்கு ஒருபோதும் அரசு ஒப்புதல் இருந்ததில்லை. பல்கலைக்கழகத்தின் பேவியூ வளாக நெறிமுறைக் குழு ஆய்வுக்கு அனுமதி வழங்கியது.

முதல் தன்னார்வலருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் ஏற்பட்டுச் சில நாட்களில் தணிந்தன. இது குழுவுக்கு உடனே தெரிவிக்கப்படவில்லை. இரண்டாமவருக்கு எதுவும் ஆகவில்லை. மூன்றாமவர் அப்பல்கலைக்கழகத்தின் ஆஸ்துமா மையத்திலேயே ஆய்வக உதவியாளராகப் பணிபுரிந்த 24 வயதுப் பெண். எந்த நோயும் இல்லாதவர். மே 4 அன்று மருந்தை உள்ளிழுத்தார்; மறுநாளே இருமல் வந்தது. சில நாட்களில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், நுரையீரல் செயலிழந்து ஜூன் 2 அன்று இறந்தார்.

விசாரணையில் தெரியவந்த ஒரு செய்தி மாணவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. ஆய்வாளர் முந்தைய ஆய்வுகளைத் தேடியது உண்மைதான். ஆனால் அவர் பயன்படுத்திய பப்மெட் இணையத் தரவுத்தளத்தில் அப்போது 1966-க்குப் பிந்தைய கட்டுரைகளே இருந்தன. இம்மருந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்று காட்டிய கட்டுரைகள் 1950-களில் அச்சானவை. நூலக அடுக்குகளில் அவை இருந்தன, திரையில் வரவில்லை. ஆபத்து பற்றிய சான்று போதுமா என்று குழுவும் அழுத்திக் கேட்கவில்லை. ஒப்புதல் படிவம் அப்பொருளை மருந்து என்றே குறிப்பிட்டது. உள்ளிழுக்கும் முறைக்கு ஒப்புதல் இல்லை என்பதை அது சொல்லவில்லை. தான் வேலை செய்யும் இடத்திலேயே நடக்கும் ஆய்வில் ஓர் ஊழியர் தன்னார்வலராகச் சேரும்போது, அதில் 'தன் ஆர்வம்' எவ்வளவு என்ற கேள்வியும் எழுந்தது.

ஜூலை 19 அன்று, மனித ஆய்வுப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அலுவலகம் அப்பல்கலைக்கழகத்தில் அரசு நிதியுடன் நடந்த ஏறக்குறைய எல்லா மனித ஆய்வுகளையும் நிறுத்திவைத்தது. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 2,400. பெரும்பாலான திட்டங்கள் முழுக்குழுக் கூட்டத்தில் தனித்தனியே விவாதிக்கப்படவே இல்லை என்பது அலுவலகத்தின் முக்கியக் குற்றச்சாட்டு. பல்லாயிரம் பக்கங்களைச் சில பேராசிரியர்கள் தம் வழக்கமான பணிக்கிடையே படித்து வந்தனர். தடை சில நாட்களிலேயே நிபந்தனைகளுடன் தளர்த்தப்பட்டது. மரணத்துக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்றது. கூடுதல் குழுக்கள் அமைக்கப்பட்டன. மருந்து சார்ந்த ஆய்வுகளில் இலக்கியத் தேடலுக்கு நூலகரின் துணையும் தேவை என்றாயிற்று. நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்று எண்ணுவோர் இதை அறிவது நல்லது.

கேரளத் தொடர்பு

அதே ஆண்டில் இப்பல்கலைக்கழகத்தின் பெயர் இந்தியாவிலும் அடிபட்டது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000 காலத்தில், வாய்ப்புற்று நோயாளிகளுக்குச் சோதனை நிலையிலிருந்த ஒரு வேதிப்பொருள் செலுத்தப்பட்டது. அதை அளித்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் உயிரியல் பேராசிரியர் ஒருவர். இதற்குத் தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்படவில்லை என்று 2001 நவம்பரில் பல்கலைக்கழகம் அறிவித்தது. இனி மனிதர் மீதான ஆய்வுகளுக்குத் தலைமை ஏற்கக் கூடாது என்று அப்பேராசிரியருக்குத் தடையும் விதித்தது. பேவியூவில் குழு பார்த்தும் குறை தெரியவில்லை; இங்கோ குழுவிடம் காட்டவே இல்லை. இரண்டாவது குற்றம்தான் பெரிது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் 2000-இல் வெளியாகி, 2006-இலும் 2017-இலும் விரிவாக்கப்பட்டன. புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகள் 2019-இல் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளின்படி குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப்பேர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். சட்டம் அறிந்தவர், பொதுமக்களில் ஒருவர், ஒரு பெண் உறுப்பினர் ஆகியோரும் கட்டாயம். முற்றிலும் புதிய வேதிப்பொருளை எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்களிடம் சோதிக்கும்போது கையெழுத்து மட்டும் போதாது. அவர்களுக்கு என்ன விளக்கப்பட்டது, அதை அவர்கள் புரிந்துகொண்டார்களா என்பதை ஒலி, ஒளிப்பதிவாக எடுத்து வைக்க வேண்டும்.