சம்மர்ஹில்: ஓட்டுக்கு வராதவை

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், லைஸ்டன் என்ற சிறிய ஊரில் ஒரு உறைவிடப் பள்ளி. வாராந்திரக் கூட்டம் நடக்கிறது. தலைமையாசிரியர் எழுந்து, பதினாறு வயசுக்குக் கீழே உள்ள யாரும் புகைபிடிக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். சிகரெட் உடம்புக்கு விஷம், பெரியவங்க மாதிரி தெரியணும்னுதான் பசங்க பிடிக்கிறாங்க என்று காரணமும் சொல்கிறார். ஓட்டெடுப்பில் படுதோல்வி.

கதை அதோடு முடியவில்லை. பிறகு ஒரு பெரிய பையன், பன்னிரண்டு வயசுக்குக் கீழே புகைக்கக் கூடாதுன்னு கொண்டுவந்த தீர்மானம் ஜெயித்தது. அடுத்த வாரமே ஒரு சின்னப் பையன் எழுந்தான். இப்போ நாங்க கண்டிப்பான பள்ளிக்கூடத்துப் பசங்க மாதிரி கழிவறையில ஒளிஞ்சு பிடிக்கிறோம், இது சம்மர்ஹில்லுக்கே அடுக்குமா என்பதுதான் அவன் வாதம். சட்டம் ரத்தானது.

தோற்றுப்போன தலைமையாசிரியர் ஏ.எஸ். நீல். இந்தக் கதையைச் சொல்பவரும் அவரேதான். தன் புத்தகத்தில் தானே தோற்ற ஓட்டெடுப்பை இவ்வளவு சந்தோஷமாக எழுதிய இன்னொரு தலைமையாசிரியரை நான் படித்ததில்லை.

சம்மர்ஹில்லைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சுதந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வகுப்புக்குப் போவது கட்டாயமில்லை, பரீட்சை மிரட்டல் இல்லை, பிரம்பு இல்லை. எல்லாம் சரிதான். எனக்கு வேறொரு கேள்வி: அந்தப் பள்ளியை உண்மையில் ஆண்டது யார்? நம்மூர்த் தனியார் பள்ளி என்றால் பதில் எளிது. தாளாளர், அவர் குடும்பம், அவர் சொல்வதற்குத் தலையாட்டும் நிர்வாகக் குழு. அவ்ளோதான். சம்மர்ஹில்லில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஒரு ஓட்டு, நீலுக்கும் ஒரு ஓட்டு. அப்படியென்றால் பள்ளி பிள்ளைகளுடையதா?

நீல் 1883இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அப்பா கிங்ஸ்மியூர் கிராமத்துப் பள்ளி ஆசிரியர், தோல்வாரால் அடிக்கிற அந்தக் காலத்து ஆசிரியர். நீல் அந்தப் பள்ளியில்தான் படித்தார், அங்கேயே பயிற்சி ஆசிரியராகவும் நின்றார். பிறகு எடின்பரோவில் ஆங்கில இலக்கியம் படித்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் கிரெட்னா கிராமப் பள்ளியின் பொறுப்பு கிடைத்தது. அங்கேதான் தோல்வாரைக் கீழே வைத்தார்.

குழந்தைகள் தங்களைத் தாங்களே ஆளலாம் என்ற யோசனை அவருடையதல்ல. அதை அவர் ஹோமர் லேனிடமிருந்து எடுத்துக்கொண்டார், மறைக்கவும் இல்லை. லேன் ஒரு அமெரிக்கர். டார்செட்டில் 1913இல் தொடங்கிய லிட்டில் காமன்வெல்த் என்ற குடியிருப்பை நடத்தினார். குற்றம் செய்து நீதிமன்றம் அனுப்பிய பிள்ளைகள் அங்கே தாங்களே சட்டம் போட்டு, தாங்களே விசாரித்து வாழ்ந்தார்கள். நீல் 1917இல் அங்கே போய்ப் பார்த்து அசந்துபோனார். ஆனால் அங்கிருந்த சில பெண்கள் லேன் மீது பாலியல் புகார் சொல்ல, உள்துறை விசாரணை வந்து, அங்கீகாரம் போய், 1918இல் அந்த இடம் மூடப்பட்டது. சம்மர்ஹில் வரலாற்றில் இதைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை. பிள்ளைகளின் கூட்டம் எதையும் விசாரிக்கலாம் என்ற ஒரு அமைப்பு, அதை உருவாக்கியவர் மீதே புகார் வந்தபோது வெளியிலிருந்து வந்த ஒரு அதிகாரியிடம்தான் போய் நின்றது. உள்ளே அதற்கு வழி இல்லை.

1921இல் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் ஹெல்லராவில், சில நண்பர்களோடு சேர்ந்து ஒரு சர்வதேசப் பள்ளியில் நீல் தன் பிரிவைத் தொடங்கினார். அரசியல் கொந்தளிப்பு வந்ததும் ஆஸ்திரியாவின் மலையுச்சி ஒன்றுக்கு மாறினார். அங்கே ஊர்க்காரர்களுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. 1924இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ். அங்கே வாடகைக்கு எடுத்த வீட்டின் பெயர்தான் சம்மர்ஹில். 1927இல் லைஸ்டனுக்கு வந்தபோது பெயரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். லைஸ்டன் இருப்பது தட்டையான சஃபோக்கில். குன்றெல்லாம் பெயரில் மட்டும்தான்.

இந்த இடமாற்றங்கள் எல்லாவற்றிலும் கூடவே இருந்தவர் ஒரு பெண். லிலியன் நாய்ஷ்டாட்டர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், ஹென்றி ஹாண்டல் ரிச்சர்ட்சன் என்ற ஆண் பெயரில் எழுதிப் புகழ்பெற்ற நாவலாசிரியையின் தங்கை. நீலை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஜெர்மன் கணவரைப் பிரிந்து 1927இல் நீலை மணந்தார். பள்ளியில் எல்லோருக்கும் அவர் மிஸஸ் லின்ஸ். சமையல், படுக்கை, துணி, கணக்கு, காய்ச்சல், வீட்டு ஏக்கத்தில் அழும் குழந்தை என்று எல்லாம் அவர் தலையில். நீலின் புத்தகங்கள் உலகம் சுற்றின. லின்ஸின் பெயர் அடிக்குறிப்பு அளவுக்குத்தான் வந்தது.

இதில் நீலை மட்டும் குறை சொல்ல வேண்டாம். அதே 1927இல் பெர்ட்ரண்ட் ரஸலும் டோரா ரஸலும் பீக்கன் ஹில் என்ற சுதந்திரப் பள்ளியைத் தொடங்கினார்கள். பணத்துக்காக ரஸல் அமெரிக்காவுக்குச் சொற்பொழிவாற்றப் போனார், ஜனரஞ்சகப் புத்தகங்கள் எழுதினார். சில வருடங்களில் திருமணம் உடைந்து அவர் விலகிவிட்டார். டோரா 1943 வரை தனியாக அந்தப் பள்ளியை இழுத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் "ரஸல் நடத்திய பள்ளி" என்றுதான் சொல்கிறோம்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். கூட்டத்தால் எதை எல்லாம் தீர்மானிக்க முடியும்? தூங்கும் நேரம் (இந்தப் பிரச்சினை இந்தப் பள்ளி இருக்கும்வரை தீராது), அடிதடி, திருட்டு, அடுத்தவர் சைக்கிளை எடுத்து ஓட்டுவது, சத்தம், அபராதம். அபராதம் என்றால் பாக்கெட் மணியில் கொஞ்சம் வெட்டு, அல்லது அன்றைய புட்டிங் கிடையாது. தலைமை தாங்குவது ஒரு பிள்ளை. கூச்சல் போடுகிறவர் ஆசிரியரே ஆனாலும் வெளியேற்றுகிற அதிகாரம் அந்தப் பிள்ளைக்கு உண்டு. இது நாடகம் இல்லை. நம்ம பள்ளிகளில் நடக்கிற மாதிரி, வகுப்புத் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து, டை கட்டிவிட்டு, ஒரு அதிகாரமும் தராமல் நிறுத்துகிற வேலை இல்லை. அன்றாட வாழ்வை அந்தக் கூட்டம் நிஜமாகவே ஆண்டது, இப்போதும் ஆள்கிறது.

கூட்டத்துக்கு வராதவையும் உண்டு. நீல் இதை ஒளிக்கவில்லை, நேராகவே எழுதியிருக்கிறார். யார் எந்த அறையில் படுப்பது, என்ன சமைப்பது, எந்த பில்லைக் கட்டுவது எல்லாம் மனைவியின் பொறுப்பு. ஆசிரியரை வேலைக்கு எடுப்பதும், சரிவராவிட்டால் அனுப்புவதும் நீலின் பொறுப்பு. ஆபத்தான விஷயங்களும் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேலே, வகுப்புக்கு வருவது அவரவர் விருப்பம் என்ற விதி. அந்தப் பள்ளியின் உயிரே அதுதான். அது எந்தக் கூட்டத்திலும் கை தூக்கி வந்த தீர்மானம் இல்லை, பள்ளி தொடங்கும்போதே நீல் வைத்துவிட்ட அஸ்திவாரம்.

என் தொழில் பாஷையில் சொன்னால், எல்லாப் பயனாளர்களுக்கும் எழுதும் உரிமை இருந்தது, ரூட் பாஸ்வேர்ட் மட்டும் ஒரு வீட்டில் இருந்தது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பத்து வயதுக் குழந்தை மின் கட்டண பாக்கியை நினைத்து ராத்திரி முழித்துக் கிடப்பது சுதந்திரம் ஆகாது. பணக் கவலையைப் பெரியவர்கள் சுமந்ததால்தான் பிள்ளைகள் சைக்கிள் தகராறை முழு மனசோடு விவாதிக்க முடிந்தது. அந்தச் சுமைக்குப் புத்தகத்தில் இடமில்லாமல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது.

அது எவ்வளவு சுமை என்பதற்கு 1949இன் அரசு ஆய்வறிக்கை சாட்சி. அப்போது சுமார் 70 பிள்ளைகள். ஆண்டுக் கட்டணம் 120 பவுண்டு. ஆசிரியர்களுக்கு உண்ண உறங்க இடம் போக, மாதம் 8 பவுண்டு சம்பளம். ஆய்வாளர்கள் ஜான் பிளாக்கியும் அவருடைய சகாவும் நல்ல மனிதர்கள். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது பலவீனமாக இருக்கிறது என்று சொன்னார்கள். பிள்ளைகளின் இயல்பான நட்பையும் தன்னம்பிக்கையையும் மனசாரப் பாராட்டினார்கள். நீல் அந்த அறிக்கையை, குறைகளையும் சேர்த்து, தன் புத்தகத்தில் முழுசாகப் போட்டுவிட்டார்.

அதற்கு முன்னாலேயே லின்ஸ் போய்விட்டார். இரண்டாம் உலகப் போரில் பள்ளி வேல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. மழையும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுப்பாடுகளும் நீலுக்கு எரிச்சல் ஊட்டின. 1944இல் லின்ஸ் இறந்தார். அங்கே வேலைக்கு வந்த ஈனா வுட் என்ற பெண்ணை அடுத்த வருடம் நீல் மணந்தார். 1945இல் லைஸ்டனுக்குத் திரும்பினார்கள். இடையில் அங்கே தங்கியிருந்த ராணுவம் கட்டடத்துக்குச் செய்த சேதம் பிள்ளைகள் வருடக்கணக்காகச் செய்ததை விட அதிகம் என்பது நீலின் புலம்பல். 1946இல் மகள் ஸோயி பிறந்தாள்.

ஐம்பதுகளின் முடிவில் பிள்ளைகள் குறைந்து, பள்ளி மூடும் நிலைக்கு வந்தது. காப்பாற்றியது 1960இல் நியூயார்க்கில் வந்த 'சம்மர்ஹில்' புத்தகம். பழைய எழுத்துகளைப் பதிப்பாளர் ஹெரால்டு ஹார்ட் தொகுத்தது, எரிக் ஃபிராம் முன்னுரை. அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றது. பிள்ளைகள் வந்தார்கள். அவர்களை விடப் பார்வையாளர்கள் அதிகம் வந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவே அடுப்படியைப் பார்த்துக்கொண்டவர் ஈனா. 1973 செப்டம்பரில் நீல் இறந்தபோது, இத்தோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. ஈனா இன்னும் 12 வருடம் பள்ளியை நடத்தினார். உலகமே கொண்டாடிய அறுபதுகளில் சம்மர்ஹில்லை நடத்துவது ஒன்று, மார்கரெட் தாட்சர் காலத்தில் நடத்துவது வேறு. அந்த 12 வருடத்தைப் பற்றி எழுதப்பட்டது ரொம்பக் கம்மி.

1985இல் பொறுப்பு மகள் ஸோயி ரெட்ஹெட்டுக்கு வந்தது. அப்பா, அம்மா, மகள். உலகத்திலேயே ஜனநாயகமான பள்ளி என்று பெயர் வாங்கிய இடத்தில் தலைமை மட்டும் குடும்பத்துக்குள்ளேயே கைமாறியது. இதைப் படித்தபோது முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாரிசு அரசியலைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் வேறெப்படி எடுத்துக்கொள்வான்? பிறகு, மாற்று என்ன இருந்தது என்று யோசித்தேன். அறங்காவலர் குழுவா? கை மாறிய முற்போக்குப் பள்ளிகள் பலவற்றில் ஒரு பத்து வருடத்தில் சீருடையும் ரேங்க் பட்டியலும் வந்துவிடுகின்றன. பெற்றோர் குழுவா? பிள்ளை பத்து வயதாகியும் கணக்கு வகுப்புப் பக்கமே போகவில்லை என்றால் எந்தப் பெற்றோருக்கும் கை நடுங்கும். அந்த நடுக்கத்தின் நடுவே அசையாமல் நிற்க, அந்தப் பள்ளியிலேயே வளர்ந்த ஒருத்தி தேவைப்பட்டிருக்கலாம். இது வாரிசு முறைக்கு வக்காலத்து இல்லை. ஆனால் இந்த ஒரு இடத்தில் அது வேலை செய்தது.

அது நிரூபணமானது 1999இல். இங்கிலாந்தில் சுயாதீனப் பள்ளி என்றால் அரசிடம் பணம் வாங்காத பள்ளி. அரசின் ஆய்விலிருந்து தப்பிய பள்ளி அல்ல. 1990கள் முழுக்க ஆய்வாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1992இல் சேனல் 4 எடுத்த ஒரு ஆவணப்படம் பள்ளியின் பெயரைக் கெடுத்திருந்தது. 1999 மார்ச்சில் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு பெரிய குழுவோடு வந்து கடுமையான அறிக்கை எழுதியது. கல்வி அமைச்சர் டேவிட் பிளங்கெட்டின் துறை புகார் அறிவிப்பு அனுப்பியது. சரிசெய்யாவிட்டால் பள்ளியின் பதிவு ரத்து. புகார்களில் ஒன்று, கழிவறைகளை ஆண், பெண், ஆசிரியர் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்துவது. இதையெல்லாம் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு முடித்துவிடலாம். முக்கியமான புகார் வேறு: பிள்ளைகள் ஒழுங்காகப் பாடம் படிப்பதைப் பள்ளி உறுதிசெய்ய வேண்டும். அதாவது, எந்தக் கூட்டமும் ஓட்டுக்கு விடாத அந்த ஒற்றை விதியின் மீதே கை வைத்தார்கள்.

ஸோயி மேல்முறையீடு செய்தார். பாதி வழியில் இறங்கிப் போய், வருகைப் பதிவேடு ஒன்றை வைத்து, பெயருக்குக் கட்டாயம் என்று எழுதித் தந்திருந்தால் பள்ளி பிழைத்திருக்கும். அப்போது சுமார் 60 பிள்ளைகள், பலர் ஜப்பான், தைவான், ஜெர்மனி என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். தோற்றால் கட்டடம் மட்டும்தான் மிஞ்சும். பள்ளியின் சார்பில் ஜெஃப்ரி ராபர்ட்சன் வாதாடினார். 2000 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் கட்டடத்தில் தீர்ப்பாயம் கூடியது. விசாரணையில், அரசு ரகசியமாகக் கண்காணிக்கும் பள்ளிகளின் பட்டியல் ஒன்றில் சம்மர்ஹில் இருந்தது வெளியே வந்தது. அரசுத் தரப்பின் வாதம் தள்ளாடியது.

நான்காவது நாள், மார்ச் 23, அரசு சமரசத்துக்கு வந்தது. பாடம் கற்பது வகுப்பறைக்குள் மட்டும் நடப்பதல்ல, பிள்ளைகளின் கருத்தையும் ஆய்வில் கணக்கில் எடுக்க வேண்டும் என்றெல்லாம் ஒப்புக்கொண்ட வரைவு. சட்டப்படி மேல்முறையீட்டாளர் பள்ளியின் உரிமையாளர். அவர் தலையாட்டினால் போதும், வழக்கு முடிந்தது.

ஆனால் அந்த நீதிமன்ற அறையிலேயே பள்ளிக் கூட்டம் கூடியது. வழக்குக்காக வந்திருந்த பிள்ளைகள் தலைமை வகித்து, வரைவை விவாதித்து, கை தூக்கினார்கள். பெரும்பான்மை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகுதான் சம்மதம் தீர்ப்பாயத்துக்குப் போனது. எழுபத்தொன்பது வருடமாக ஒரு குடும்பத்தின் கையில் இருந்த அந்த ஒற்றை விதி, அன்றைக்குத்தான் ஒரு கூட்டத்தின் முன்னால் ஓட்டுக்கு வந்தது.