கடையாணி முதல் கார்ச் சக்கரம் வரை

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்லும் சாலையில் வல்லம் என்னும் ஊர் உள்ளது. நெல்லும் மணிலாவும் விளையும் வட்டாரம் இது. முன்பு இங்கு மூட்டைகளைச் சுமந்தவை கட்டை வண்டிகள். இன்று அதே சாலையில் கார்கள் விரைகின்றன. அவற்றுள் சிலவற்றில், வாங்கும்போது இருந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் ‘அலாய்’ சக்கரங்களை மாட்டியிருப்பதைக் காணலாம். நீங்களும் அவ்வாறு மாற்ற விரும்பக்கூடும். எந்த அளவுச் சக்கரம் உங்கள் காருக்குப் பொருந்தும்? இதற்கு விடை காண, முதலில் கட்டை வண்டியைப் பார்ப்போம்.

வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள் வட்டையைத் தாங்குகின்றன. வட்டையின்மேல் இரும்புப் பட்டை. குடத்தின் துளையில் இருசு நுழைகிறது. சக்கரம் கழன்றுவிடாமல் கடையாணி காக்கிறது.

இரும்புப் பட்டையை மாட்டுவதில் நல்லதோர் அறிவியல் அடங்கியுள்ளது. கொல்லர் பட்டையை வட்டையின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகவே செய்வார். பின் அதை நெருப்பிலிட்டுச் சூடேற்றுவார். 5 அடி விட்டமுள்ள பட்டையின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அதன் சுற்றளவு ஓர் அங்குலத்திற்குச் சற்று மேல் நீளும். அந்நிலையில் வட்டையில் மாட்டி நீரூற்றினால் பட்டை சுருங்கி, மரத்துண்டுகள் அனைத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பட்டை பெரிதானால் கழலும். மிகச் சிறிதானால் ஆரக்கால் நெரியும். தச்சரும் கொல்லரும் வண்டியை எதிரே வைத்துக்கொண்டு அளந்ததால் பிழை நேராமல் பார்த்துக்கொள்ள முடிந்தது.

தொடக்கக் காலக் கார்கள் பலவும் மர ஆரக்கால்களில்தான் ஓடின. 1908இல் வெளிவந்த ஃபோர்டின் ‘டி’ மாதிரிக் காரும் அத்தகையதே. காற்றடைத்த டயருக்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் தாம்சன் 1845இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் 1888இல் டன்லப் அதை மீண்டும் கண்டுபிடித்த பிறகே அது பரவியது. 1924இல் புகாட்டி பந்தயக் கார் அலுமினியச் சக்கரங்களுடன் ஓடியது. தமிழகத்தில் சென்னைப் பாடியில் சக்கரத் தொழில் செய்யும் ‘வீல்ஸ் இந்தியா’ 1960இல் நிறுவப்பெற்றது.

இப்போது ஒரு மாறுதலைக் கவனியுங்கள். கார் ஓரிடத்திலும் சக்கரம் வேறோர் இடத்திலும் உருவாகின்றன. இரண்டையும் எதிரெதிரே வைத்து அளக்கும் தச்சர் இல்லை. அவர் இடத்தில் இருப்பவை எண்களே!

ஸ்விஃப்ட் காரின் சில வகைகளில் 165/80 ஆர் 14 என்ற டயர் உண்டு. 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். பக்கச்சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, அதாவது 132 மி.மீ. ‘ஆர்’ என்பது டயரின் ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம், அதாவது 355.6 மி.மீ. மேலும் கீழுமாக இரு பக்கச்சுவர்களைச் சேர்த்தால் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. 15 அங்குல ரிம்மில் 185/65 டயரை மாட்டினால் 621.5 மி.மீ.; வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் அதே ரிம்மில் 205/65 மாட்டினால் விட்டம் 647.5 மி.மீ. ஆகிவிடும். வேகமானி மணிக்கு 80 கிலோமீட்டர் எனக் காட்டும்போது, முன்பு ஓடியதைவிட ஏறத்தாழ நான்கரை விழுக்காடு கூடுதல் வேகத்தில் கார் ஓடிக்கொண்டிருக்கும். டயர் உட்புறம் உரசவும் கூடும்.

அடுத்தது போல்ட் துளைகள். அவற்றின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டத்தைப் பட்டறைகளில் பி.சி.டி. என்பர். ஸ்விஃப்டில் இது 100 மி.மீ. 98 மி.மீ. சக்கரமும் ஒருவாறு ஏறிவிடலாம். ஆனால் நட்டுகள் சரிவாக அமர்ந்து, ஓட ஓடத் தளர்ந்துவிடும். கடையாணி கழன்ற வண்டியின் கதிதான் காருக்கும்!

நடுத்துளையும் காரின் குடத்தோடு பொருந்த வேண்டும். துளை பெரிதாயின் இடைவெளியை நிரப்பத் தகுந்த வளையம் வேண்டும். இல்லையேல் அதிர்வு தோன்றும். சக்கரம் குடத்தில் அமரும் முகத்திற்கும் ரிம்மின் நடுக்கோட்டிற்கும் உள்ள தூரம் ‘ஆஃப்செட்’ எனப்படும். இது மாறினால் சக்கரம் வெளியே துருத்தும், அல்லது உள்ளே உரசும். பேரிங்கின்மேல் விழும் பளுவும் மாறும். சக்கரம் தாங்கக்கூடிய பளு காருக்குப் போதுமானதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் காரின் கையேட்டைப் பார்த்து இந்த எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றோடு ஒத்துவராத சக்கரம் எவ்வளவு அழகாயினும் வேண்டாம். மாட்டிய பின் சிறிது தூரம் ஓட்டி, நட்டுகளை உரிய அளவு மீண்டும் முடுக்கச் செய்யுங்கள். வண்டியைப் பூட்டுமுன் கடையாணியைத் தொட்டுப் பார்த்த வண்டிக்காரரின் கவனம் நமக்கும் வேண்டும்.